ஆணி அடிக்காத கதவு

மதிவதனி முதுகைக் கொடுத்துக் கதவை அழுத்திக்கொண்டு நின்றாள். அது வீட்டுக் கதவு அல்ல. வாசல் சுவரில் பதித்திருந்த மீட்டர் பெட்டிக்கான கதவு. கீலும் கிடையாது, கொண்டியும் கிடையாது, வெறும் பலகை. அவள் நகர்ந்தால் அது விழும். விழுந்தால் சாரல் நேராக மீட்டர்மேல் அடிக்கும். மீட்டர் நனைந்தால் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரீசர் பெட்டி நின்றுவிடும். அந்தப் பெட்டிக்குள்தான் அவளுடைய அப்பா ரகுபதி நேற்று சாயங்காலத்திலிருந்து படுத்திருக்கிறார்.

தம்பி ஹேமந்த் புனேயிலிருந்து வந்து முகம் பார்க்கும்வரை அவர் கெடாமல் இருக்க வேண்டும். காலை விமானம் மழையால் தள்ளிப்போய், இப்போதுதான் ஏறியிருக்கிறான். பெட்டி கொண்டுவந்த அன்பு ஏற்கெனவே கையை விரித்துவிட்டான். காலையில் ஒருமுறை மீட்டர் நனைந்து கரண்ட் போய், துடைத்துக் காயவைத்துப் போடுவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இன்னொரு தபா ட்ரிப் ஆச்சின்னா என்னாண்ட கேக்காதீங்க. புள்ளைக்குக் காத்துகினு இருக்க முடியாது. எடுத்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பழைய இரும்புக் கதவு உருப்படியாகத்தான் இருந்தது. இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரிகளுக்கு ஆள் ஏற்ற வந்த வேன் ஒன்று ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று வந்து இடித்து, அதை அப்பளமாக நொறுக்கிவிட்டுப் போனது. டிரைவரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்த அப்பா, கடைசியில் தானே செய்துகொள்வதென்று கம்பெனிகளுக்கு மெஷின் வரும் மரப்பெட்டிப் பலகையை வாங்கிவந்தார். நேற்றுக் காலை நொறுங்கியதைக் கழற்றி எறிந்தார். பலகையை அளந்து அறுத்தார். நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கு அடையாளமாக அதில் ஒரு குடைப் படம் அச்சடித்திருந்தது. அந்தப் படம் இப்போது மதிவதனியின் தோளுக்கு மேலே மழையில் நனைந்துகொண்டிருந்தது. கீல் வைத்து நான்கு ஆணி அடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அதற்குள் அப்பா முடிந்துபோனார்.

அந்த நான்கு ஆணியை இன்று யாராவது அடித்திருக்கலாம். சுத்தியல் அங்கேயேதான் கிடந்தது. அதை எடுக்கப் போனபோது மண்ணூர் அத்தை வந்து குறுக்கே நின்றுகொண்டாள். அப்பாவின் அக்கா அவள்; சாவு வீட்டுச் சட்டமெல்லாம் அவள் வாயில்தான்.

"பொணம் கெடக்கற வூட்ல சுத்தி சத்தம் கேக்கக் கூடாது. அடுப்பே பத்த வைக்காத வூட்ல ஆணி அடிப்பியா நீ?"

வாசலில் மேளம் காது கிழியக் கிழிய அடித்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் சரவெடி தயாராக இருந்தது. மேளம் அடிக்கலாம், வெடி வெடிக்கலாம், ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. இதில் நியாயம் பேசப்போனால் அப்பன் சாவிலும் வாயாடினாள் என்று பெயர் வரும். மதிவதனிக்குப் பேசத் தெம்பும் இல்லை. முந்தாநாள் நைட் ஷிஃப்ட் முடித்து நேற்றுக் காலை வந்து கொஞ்சம் கண்ணசந்ததுதான், அதற்குப் பிறகு அவள் தூங்கவே இல்லை.

கழியை முட்டுக் கொடுத்தார்கள், கயிறு கட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் பிளாட் போட்டுக் காலியாகக் கிடக்கும் நிலம். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றுக்குத் தடையே இல்லை. ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் வாயைத் திறந்தது. எதிர் வீட்டிலிருந்து வயர் இழுக்கலாம் என்றால் நடுவில் ஓயாமல் கம்பெனி பஸ். தெருவில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை அவிழ்த்து மூடிவிடலாம் என்றார் ஒருவர். அதில் அப்பா கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் மனசு வரவில்லை.

மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் இசக்கியப்பன், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், காலையில் தானாகவே வந்து நின்றான். "நான் புடிச்சிக்கிடுதேன்க்கா, நீங்க அப்பாகிட்ட போயி இருங்க" என்றான். அவள் உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு மேலே கை வைத்தாள். அழ வாய் திறந்தாள். அப்போதுதான் பெட்டியின் உறுமல் நின்றது. இசக்கியப்பனின் ஷிஃப்ட் பஸ் வந்துவிட, அவன் யாரோ உறவுக்காரரிடம் கதவை ஒப்படைத்துவிட்டு ஓடியிருக்கிறான். உறவுக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். யாரைக் குற்றம் சொல்வது? அதிலிருந்து அவள் கதவை யாரிடமும் கொடுக்கவில்லை.

மாலையோடு வந்தவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அப்பன் பக்கத்தில் குந்தி அழாமல் வாசலில் நிற்கிறதே இந்தப் பெண் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அவளுக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. மழை வரப்போகிற நாளாகப் பார்த்தா கதவைக் கழற்ற வேண்டும்? கழற்றியவர் சட்டென்று மாட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? செத்தவரோடு சண்டை போட முடியாது. முதுகை இன்னும் அழுத்தி நின்றாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு ஹேமந்த் வந்தான். காரிலிருந்து இறங்கியவன் மழையில் ஓடிவந்து, அவளைப் பார்த்து, "அக்கா" என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனான். மறுநிமிடம் கூடமே அதிர அழுதான். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். எப்பேர்ப்பட்ட பாசம் பார் என்று பந்தலில் யாரோ சொன்னார். மீட்டருக்கு ஒட்டினாற்போல் இருந்த ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

மேளமும் அழுகையும் கொஞ்சம் அடங்கியதும் அம்மா ரத்னா மகனிடம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் நெஞ்சு வலி வந்த கதையைத்தான் சொன்னாள். மகனிடம் அதற்கு முந்தியதையும் சொன்னாள்.

"கதவ அறுத்து இழைச்சி ரெடி பண்ணிட்டாருடா. ஆணிய கையில வெச்சிகினு சும்மா குந்திகினு இருந்தாரு. இன்னாங்க, அடிக்கலியான்னு கேட்டேன். நைட் ஷிஃப்ட் பாத்துட்டுப் பொண்ணு தூங்குது, முழிச்சதும் அடிச்சிக்கலாம்னாரு. மத்தியானம் பூரா அப்டியே குந்திகினு இருந்தாரு. நான் காப்பி எடுத்துகினு வரேன், சுவத்துல சாஞ்சிட்டாரு."

மதிவதனி கதவை விடவில்லை. மழைநீர் நெற்றியிலிருந்து வழிந்து வாய்க்குள் போனது. அதில் உப்புக் கரித்தது.

அன்பு வந்து தோளைத் தொட்டுச் சொல்லும்வரை அவள் அசையவே இல்லை. "அக்கா, மெயின ஆஃப் பண்ணிட்டேன். குளிப்பாட்ட வெளிய எடுத்தாச்சி. வுட்டுடுங்க."

அவள் நகர்ந்தாள். பலகை சேற்றில் விழுந்தது. சாரல் மீட்டர்மேல் அடித்தது. அடித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

கூடத்தில் அப்பாவை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அத்தை அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தொட்ட வேகத்தில் விரலை இழுத்துக்கொண்டார்கள். அப்பாவின் கன்னத்தில் கை வைத்த ஹேமந்துகூட உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்தான்.

"ரொம்ப சில்லுனு கீறாருக்கா."

மதிவதனி பெஞ்சோரம் மண்டியிட்டாள். அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து மழையில் ஊறி விறைத்துப்போன கைகள். அவளுக்குச் சில்லென்று ஒன்றும் தெரியவில்லை.