மெஷினைப் பிடித்த கை

கார்டு மெஷின் வந்த முதல் வருடத்தில் மெத்தைக் கடைக்காரர் நான்கு விரற்கடை உயரம் குறைந்தார். அதே வருடம் பஞ்சு விலையும் கிலோவுக்கு நாற்பது ரூபாய் ஏறியதால், தெருவில் பஞ்சைப் பற்றித்தான் பேச்சு. பணம் வாங்கும் மற்ற வழிகளும் சும்மா விடவில்லை. ரொக்கம் வாங்கினால் கடிகாரம் அரை மணி முன்னால் ஓடிவிடும். அந்த அரை மணி திரும்பாது. காசோலை வாங்கியவருக்கு அது வங்கியில் மாறும்வரை, எப்படியும் மூன்று நாள், குரல் எழும்பாது. இதற்கெல்லாம் அவர் பழகியிருந்தார். கார்டு மட்டும் ஆளையே எடுத்தது.

இரண்டாம் வருடம் தையல்காரர் அவர் பேன்ட்டுகளை மூன்று முறை வெட்டினார். கல்யாணத்தன்று அவர் தோள் உயரம் இருந்த மனைவி, இப்போது கல்லாவில் நின்றபடியே அவர் உச்சியில் வழுக்கை விழுவதைப் பார்த்தாள். கார்டில் வாங்குவோருக்கு விலையில் இரண்டு சதவீதம் ஏற்றச் சொன்னாள். விலைச்சீட்டில் எழுதியதுதான் விலை என்று அவர் மறுத்துவிட்டார்.

எதிர்க் கடைக்காரர் மட்டும் எப்படிக் குறையாமல் இருக்கிறார் என்று அவள் ஒரு வாரம் ஜன்னல் வழியே கவனித்தாள். அவர் மெஷினை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுகிறார். பிடித்த கைக்குத்தான் செலவு. வாங்கியவர்கள் ஒரு மயிரிழை குறைந்து, செருப்பு தேய்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவரோ, மரியாதை என்று இத்தனை நாளும் தானே பிடித்திருந்தார்.

“இனிமே அவங்க கையில குடுங்க.”

“மெத்தை வாங்க வந்தவங்கடி. குள்ளமாகுறதுக்கா வந்தாங்க?”

“அப்ப நீங்க குள்ளமாகுறதுக்குத்தான் கடை தொறந்தீங்களா?”

அவர் ஸ்டூலைத் துடைத்தார். மேசைக்கு மேல் தலை தெரிய அதன்மீது ஏற வேண்டியிருந்தது.

மூன்றாம் வருடம் முதியோர் இல்லத்து நர்ஸ் முப்பது மெத்தை வாங்க வந்தார். கார்டுதான் இருந்தது. இந்த ஒரு விற்பனையோடு கணவர் கல்லாப்பெட்டிக்குள் அடங்கிவிடுவார் என்று மனைவி மனக்கணக்குப் போட்டுவிட்டாள். நர்ஸ் தானாகவே கையை நீட்டினார். அவரும் உயரமில்லை, படுக்கையில் கிடக்கும் முப்பது பேரைத் தூக்கி உட்கார வைப்பவர். கடைக்காரர் ஸ்டூலில் ஏறி மெஷினைத் தானே பிடித்தார்.

மனைவி கல்லாவைவிட்டு வந்தாள். “தள்ளிப் பிடிங்க” என்று அவர் கைமேல் தன் கையை வைத்தாள். மெஷின் சீட்டைத் துப்பியது. உயரம் அதிகம் இருந்த இடத்தில்தான் அது அதிகம் எடுத்தது. முடிந்தபோது இருவரும் ஒரே அளவு. இருவரும் சேர்ந்து குறைந்தது கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் அதுதான் முதல்முறை.

தச்சர் வந்து மேசைக் கால்களைப் பாதியாக அறுத்துக் கொடுத்தார். கூலியைக் காசோலையாகக் கொடுத்தார்கள். நான்காம் நாள் தச்சரின் மனைவி வந்து வேறு ஏதாவது வேலை இருக்கிறதா, அதற்கும் காசோலைதானே என்று விசாரித்தாள். பேரம் பேசுகிறவர்கள் குனிய வேண்டியிருந்ததால் பேரம் குறைந்தது. காட்சிக்குப் போட்டிருக்கும், ஒருவர் மட்டும் படுக்கும் மெத்தை இப்போது இருவருக்கும் தாராளம். மதியம் கதவைச் சாத்திவிட்டு அதில்தான் சாய்கிறார்கள்.