எட்டு மணி வாடிக்கை

"ஐயோ, என் அண்ணா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று முற்றத்தில் ஓலமிட்டபடி வந்தவனின் முகத்தை ஜிபார் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது. புருஷனைப் பறிகொடுத்தவள் முற்றத்தில் சாவுக்கென்று போட்ட கம்பளிக் கூடாரத்துக்குள் பிணத்தருகே சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், வருகிறவர்களுக்கு முதுகுதான். ஆனால் அவளுக்குக் குரலே போதும். மூன்றாம் மாடி சமாத். காப்பியில் நிறைய நுரை, மேலே பட்டைத்தூள், சர்க்கரை கிடையாது. மார்ச் மாதத்தோடு கடைப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டவன்.

முறைப்படி அவளும் பதிலுக்கு ஓலமிட்டாள். தொண்டைதான் அழுதது. மனசுக்குள், வந்துட்டான் பெரிய தம்பி, என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

பிஷ்கேக்கில் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் அவளும் எசெனும் பதினோரு வருஷம் காப்பிக்கடை நடத்தினார்கள். மொத்தமே நாலு மேசை. யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற பழக்கமே இல்லை. காலை எட்டு மணிக்கு அவர்கள் படியிறங்கும் சத்தத்திலேயே எசென் கோப்பையை எடுத்துவிடுவான். போன இலையுதிர் காலத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனி ஒன்று கடை திறந்தது. கண்ணாடிச் சுவர், சிவப்புக் காகிதக் கோப்பை, கைபேசியில் புள்ளி சேர்த்தால் ஆறாவது காப்பி சும்மா. ஒவ்வொருவராக மொத்தக் குடியிருப்பும் அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததுகூடப் பரவாயில்லை. அந்தச் சிவப்புக் கோப்பையை உறிஞ்சிக்கொண்டே இவர்கள் கடைச் சன்னலைக் கடந்துதான் வீடு திரும்புவார்கள். அவர்களுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதாம், எசென் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, துடைத்த கோப்பையையே மறுபடி துடைப்பான்.

"மூஞ்சியத் திருப்பிக்க வேண்டியது நீங்களா, அவங்களா?" என்று அவள் கத்துவாள்.

"விடு. தெரிஞ்ச ஜனங்க" என்பான்.

முந்தாநாள் ஏழரைக்குக் கடையைத் திறந்தான். ஜிபார் பால் வாங்கச் சந்தைக்குப் போய் ஒன்பது மணிக்குத் திரும்பியபோது, காப்பி மேடைக்குப் பின்னால் தரையில் கிடந்தான். கதவு அகலத் திறந்திருந்தது. உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. விழுந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும், உடனே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அதை அவள் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

குடியிருப்புச் சங்கத் தலைவி பாத்மா வந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாகக் காதில் தன் வேலையையும் ஆரம்பித்தாள். ஆண்களெல்லாம் வெளியே குளிரில் நிற்கிறார்களே என்று பெரிய கடையில் சொன்னாளாம். பாவம், காசு வாங்காமல் எல்லாருக்கும் காப்பி அனுப்பியிருக்கிறார்களாம். நாற்பதாம் நாள் கழிந்ததும் ஜிபாரின் இடத்தையும் அவர்களே வாடகைக்கு எடுத்துக்கொள்வார்களாம். ஒற்றை ஆளாக அவள் என்ன செய்யப் போகிறாள், சங்கத்துக்கும் அதில் சம்மதம்தான். பாத்மாவின் மூச்சில் அந்தக் கடையின் பாகு வாசனை அடித்தது. பிணத்தை இன்னும் எடுக்கவில்லை.

"முந்தாநாள் காலைல எட்டு மணிக்கு எங்க இருந்தீங்க, பாத்மாக்கா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எட்டு மணிக்கா? அங்கதான், காப்பிக்கு வரிசையில நின்னேன். எல்லாரும்தான் நின்னோம். ஏன்?"

"எங்க கடைக் கதவு திறந்துதான் கிடந்துச்சு. அவரு ஒன்பது மணி வரைக்கும் தரையில கிடந்தாரு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் உள்ள வந்திருந்தா, இப்ப இங்க கிடக்க மாட்டாரு."

பாத்மாவின் கைகள் தோளிலிருந்து நழுவின. சுற்றியிருந்த பெண்களின் அழுகையும் நின்றுபோனது.

அந்த அமைதியில் ஆண்கள் வந்து உடலைத் தூக்கிப் போனார்கள். முற்றத்தில் தொழுகைக்கு வரிசை கட்டும் சத்தம் கேட்டது. பிறகு எசெனின் தம்பி மெதெர் குரலெடுத்துக் கேட்டான்.

"கூடியிருக்கவங்களே, என் அண்ணன் எப்படிப்பட்ட மனுசன்?"

"நல்ல மனுசன்!"

எல்லாச் சாவிலும் கேட்பதுதான், எல்லாச் சாவிலும் சொல்வதுதான். அதில் சமாதின் குரல்தான் ஓங்கியிருந்தது.

ஜிபார் எழுந்தாள். நாத்தனார் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, வேணாம். திரும்பாதீங்க."

அவள் உதறிவிட்டு, கூடாரத்தின் வாசல் கம்பளியைத் தூக்கி வெளியே வந்து நின்றாள். வரிசை வரிசையாக ஆண்கள். கையைக் கட்டிக்கொள்வதற்காக அவரவர் கோப்பையை அவரவர் காலடியில் வைத்திருந்தார்கள். முற்றம் முழுக்கச் சிவப்பு. குளிரில் ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

முதல் வரிசை அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்தது. அடுத்த வரிசையும் குனிந்தது. சமாத் தன் கோப்பையைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினான். அது சாய்ந்து, காப்பி அவன் பூட்ஸைச் சுற்றி ஓடியது.

ஜிபார் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.