சண்முகராஜா முதலாளியின் ஹவானா

சிவகாமசுந்தரி தெருவைக் கடந்து லாபிரின் கடைக்கு வந்ததை ஹட்டன் கடைத்தெருவில் அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. அவளுடைய கணவர் சண்முகராஜாவும் லாபிரும் எதிரெதிரே கடை வைத்திருந்த புகையிலை வியாபாரிகள். பேச்சை நிறுத்திப் பல வருஷமாகியிருந்தது. ஒரு சம்பள நாளில், தோட்டத்துக் கங்காணிமார் நிறைந்திருந்த இடத்தில், சண்முகராஜா கடைச் சுருட்டை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு லாபிர் சொன்னார்: "இதுல புகையிலய விட, கலந்திருக்கிற வெல்லந்தான் கூட எரியுது." அன்றோடு முடிந்தது உறவு.

இப்போது அவள் சேலை முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி கடை ஓரமாக நின்று, அண்ணன் என்ற முறையில் கூப்பிட்டாள்.

"நானா, அவருக்குத் தொண்டையில கட்டி. டிக்கோயா ஆஸ்பத்திரியில இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லேன்னுட்டாங்க. உங்களப் பாக்கணுங்கிறாரு. ஒரு சுருட்டு குடிக்கணுமாம்."

"இந்த நெலமையில அவரு எப்படிக் குடிப்பாரு?"

"அவரு இல்லீங்க. நீங்கதான் குடிக்கணுமாம்."

லாபிர் தராசுத் தட்டைக் கவிழ்த்து வைத்தார். "நோன்பு தங்கச்சி. பொழுது சாஞ்சு தொறந்துட்டு வாறேன்."

"எங்க வீட்டுலயே தொறங்க."

மாலையில் போனார். சிவகாமசுந்தரி பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்து அறையில் பாய் விரித்துத் தொழுதுவிட்டுக் கட்டிலருகே வந்தபோது, லாபிருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. கன்னமெல்லாம் உள்ளே போயிருந்தது. குரல் வெறும் காற்றாக வந்தது.

"உக்காருங்க நானா."

தலையணைக்குப் பக்கத்தில் ஈயத்தாள் சுற்றிய ஒரு தகரப்பெட்டி இருந்தது. உள்ளே ஒரே ஒரு சுருட்டு. கறுப்புத் தோல்வார் போல மினுங்கியது. நடுவில் சிவப்பும் பொன்னுமாக ஒரு காகித வளையம். தேயிலை விலை விழுந்து துரைமார் பலர் சீமைக்குத் திரும்பிய நாட்களில், உடப்புசல்லாவைத் தோட்டத்துத் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது.

"கியூபாவுல செஞ்ச ஹவானாச் சுருட்டு" என்றார் சண்முகராஜா. "அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் கொஞ்சமாச் சுத்தினாங்களாம். மறுபடி வராதாம். தொர, 'நீ விக்கிறதெல்லாம் சுருட்டா? இத ஒரு தடவ குடிச்சுப் பாரு'ன்னாரு. ஒரு நல்ல நாளு வரட்டும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள இது வந்திருச்சு." தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

சிவகாமசுந்தரி ஜன்னலைத் திறந்து, லாபிரின் நாற்காலியை அதன் ஓரமாக இழுத்துப் போட்டாள். "புகை இந்தப் பக்கம் வரக்கூடாதுங்க" என்றாள்.

லாபிர் சுருட்டைக் காதருகே உருட்டிப் பார்த்தார். மலைநாட்டு ஈரம் அதைத் தொட்டிருக்கவில்லை. கத்தியால் முனையைச் சீவினார். தீக்குச்சியின் கந்தகம் எரிந்து போகும்வரை பொறுத்திருந்து பற்றவைத்தார். இரண்டு இழுப்பு இழுத்தார்.

"நல்லா இருக்கு முதலாளி."

சண்முகராஜா கட்டில் சட்டத்தில் உள்ளங்கையால் அடித்தார். "நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு ஊரெல்லாம் ஆளு இருக்கு. என் சரக்கப் பத்தி உங்க வாயிலேருந்து ஒரு நல்ல வார்த்த வந்ததில்ல. அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன். உள்ளதச் சொல்லுங்க."

லாபிர் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு இழுப்பையும் வாயில் நிறுத்தி, மெதுவாக மூக்கால் விட்டார்.

"ஒதட்டுல மொளகு. காரம் இல்ல, மொளகோட வாசம். பின்னால காப்பிக்கொட்ட வறுக்கிற மணம். மூக்கால விட்டா புதுசா அறுத்த பலக வாட வருது."

"சாம்பலக் காட்டுங்க."

லாபிர் எழுந்து வந்து காட்டினார். விரல் அளவு நீளமாகியும் சாம்பல் உதிராமல் நின்றது.

"எலைய நல்லா ஆறவிட்டுச் செஞ்சிருக்கான்" என்றார் சண்முகராஜா. கண்ணை மூடிக்கொண்டார். லாபிர் இழுக்கும்போதெல்லாம் அவருடைய உதடுகளும் குவிந்தன. சிவகாமசுந்தரி அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாதிக்கு வந்ததும் சுருட்டின் வேகம் தெரிந்தது. நாளெல்லாம் வெறுமையாக இருந்து, இப்போதுதான் கொஞ்சம் கஞ்சி கண்ட வயிறு. லாபிரின் நெற்றி வியர்த்தது, விக்கல் எடுத்தது, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ரயில் நிலைய விளக்குகள் ஆடின.

"போதும் நானா, வச்சிடுங்க" என்றாள் சிவகாமசுந்தரி.

"பாதியில விட்டா என்னன்னு தீர்ப்புச் சொல்றது?" ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு விரல் சுடும்வரை குடித்தார். பிறகு கட்டையைச் சிரட்டையில் வைத்தார்.

"சொல்லுங்க" என்றார் சண்முகராஜா.

"கடும் சரக்கு முதலாளி. நம்ம தோட்டத்து ஆளுங்க குடிக்கிறதும் கடுந்தான், ஆனா அது தொண்டைய அறுக்கும். இது தொண்டையத் தொடாம நேராத் தலைக்குப் போகுது. கொறையும் இருக்கு. ஒரு பக்கமா எரியுது, கடைசியில கசக்குது. ஆனா..." அவர் நிறுத்தினார். சிவகாமசுந்தரி வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். லாபிர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "இவ்வளவு காலமா நீங்க வித்ததுலயும் நான் வித்ததுலயும் இதுக்குக் கிட்ட நிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல."

கீழே தெருவில் ஒரு மாட்டுவண்டி போயிற்று.

"அப்ப தொர பெரும பேசல." சண்முகராஜாவின் கண்ணோரம் நனைந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. "தெரியாமலே போயிருவேனோன்னு இருந்திச்சு."

பிறகு கேட்டார்: "என் சுருட்டு?"

"வெல்லம் கூடத்தான்."

சண்முகராஜா சிரித்தார். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் ஓயவில்லை. சிவகாமசுந்தரி அவரைத் தாங்கிப் பிடித்து, வாயிலிருந்து வந்த இரத்தத்தைத் துடைத்தாள். லாபிர் செம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய், சாக்கடைக் கான் ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

நோன்பு முடியும்வரை ஒவ்வொரு மாலையும் அவர் அந்த வீட்டுக்கு வந்தார். புகையிலையைப் பற்றி இருவரும் பேசவில்லை. வலி கூடிய நாட்களில் லாபிர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் சண்முகராஜா இறந்தார். கடையை அடைத்துவிட்டு, சுடுகாடு வரைக்கும் லாபிர் மழையில் நடந்து போனார். சிவகாமசுந்தரி கினிகத்தேனையில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். எதிர்க்கடைக்கு ஒரு துணி வியாபாரி வந்தார். சம்பள நாட்களில் புகையிலைக்கு எல்லாரும் லாபிரிடமே வந்தார்கள். அவர் நிறுத்துக் கொடுத்தார், நல்லது எது, மட்டமானது எது என்று கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னார். அவர் சரக்கில் குறை சொல்லத்தான் அந்தத் தெருவில் இப்போது யாரும் இல்லை.