அட்டையின் மறுபாதி

எங்கள் தெரு மருந்துக்கடையில் கோதுமை அறுவடைக்கு வந்திருந்தது. கதிர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தேன். கோதுமையில் உள்ள குளூட்டன் என் குடலுக்கு ஆகாது.

வயிற்றில் குழந்தை இருந்தது. இதற்கு முன் வந்தவை தங்கவில்லை. இதைத் தங்கவைக்க டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதியிருந்தார்.

“அண்ணாச்சி, இந்த மாத்திரையில கோதுமை சேந்திருக்கா?”

கடைக்காரர் திரவியம் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

“அட்டைக்குப் பின்னால போட்டிருக்குமே.”

“நீங்க பாதியால்லா வெட்டிக் குடுத்திய. இந்தப் பாதியில எழுத்து இல்ல.”

“எழுத்துள்ள பாதிய லில்லியக்கா வாங்கிட்டுப் போயிட்டாவ.”

“வேற அட்டை?”

“எல்லாத்தையும் வெட்டிட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்கு.”

“கம்பெனில கேட்டா?”

“அவங்க என்னியத்தான் கேப்பாங்க.”

லில்லியக்கா வீடு கடையின் பின்பக்கம். நடந்தேன். பின்பக்கம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

என் கணவர் செல்வின் போன் செய்தார்.

“மாத்திரை போட்டியா?”

“கேக்கப் போயிட்டிருக்கேன்.”

“கேட்டுட்டே போடு. போன தடவ மாதிரி ஆயிரக் கூடாது.”

காலையில் பார்த்ததைவிட அவர் குரல் நரைத்திருந்தது.

வழியில் குழந்தை பேசியது.

“அம்மா, பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல.”

“கொஞ்சம் பொறு. அந்தா வீடு தெரியுது.”

“நீ கேட்டுட்டு வா. நான் போறேன்.”

இறங்கிக்கொண்டது. முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டது. அதற்கு செல்வினின் நடை. இடது தோள் சற்றே சாயும். முக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு லில்லியக்கா வீட்டு மணியை அடித்தேன். கேட்க வந்ததைக் கேட்க வேண்டியிருந்தது.

அவர் கதவைத் திறந்தார். காலையில் மாத்திரை வாங்கியவர். இடுப்பில் பல் முளைத்த குழந்தை இருந்தது.

“நான் பின்னால பாக்கவே இல்ல பிள்ள. முழுங்கிட்டேன்.”

காலி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“கோதுமை இல்லன்னு போட்டிருக்கு. பெருசாத்தான் போட்டிருக்கு.”

நன்றி சொன்னேன். அவர் இடுப்பிலிருந்த குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. லில்லியக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

“கெட்டிப் பிடி,” என்றார்.

மறுபடி செல்வின்.

“என்ன சொன்னாவ?”

“கோதுமை இல்லியாம்.”

“அப்பாடா. உடனே போட்டுரு.”

மாத்திரையை வாயில் போட்டேன். தண்ணீர் இல்லை. அப்படியே விழுங்கினேன்.

“போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“வெயிலா இருக்கு,” என்றார். “ரெண்டு பேரும் பைய வாங்க.”