அரைக் கிளாஸ் தண்ணீர்

என் வீட்டுக்காரர் ஐயாவு, கோப்பெங் கடைத்தெருவில் தேத்தண்ணி போடுகிறவர். இருபது வருடமாக எதையும் கரண்டியால் அளந்ததில்லை. கைதான் அளவு. "அண்ணே, தே காவ் ஒண்ணு" என்று கேட்டால் போதும், நாக்கில் ஒட்டுகிற மாதிரி கெட்டியாகக் கொண்டுவந்து வைப்பார். அந்தக் கையை நானும் நம்பினேன். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் மகள் சாந்தினிக்கு நான்கு வயது. படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பெல்லாம், நனைத்த நாளில் அவளை ஏசாமல் இவர் வேலைக்குப் போனதே கிடையாது.

திங்கட்கிழமை விடிந்ததும் அவளுக்கு வாந்தி, பேதி. கிளினிக் டாக்டரம்மா, "வைரஸ்மா. இதுக்குன்னு தனியா மருந்து இல்ல, தானா போயிரும். உடம்புல தண்ணி மட்டும் குறையக்கூடாது" என்று உப்புத்தூள் பாக்கெட்டுகளைக் கொடுத்தார். ஒரு பாக்கெட்டுக்கு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு முழுக் கிளாஸ். கொஞ்சம் கொஞ்சமாக, கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இவர்தான் கலக்கினார். அரைக் கிளாஸ் தண்ணீரில் இரண்டு பாக்கெட்டைக் கொட்டினார்.

"என்னாங்க, ஒண்ணுதானே போடச் சொன்னாங்க?"

"காவ்வா, கெட்டியா குடுத்தாதான் சட்டுனு நிக்கும் லா. எனக்குக் கலக்கத் தெரியாதா?"

எதற்கெல்லாமோ மல்லுக்கு நிற்கிறவள் அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இவர் கலக்கக் கலக்க, பகல் முழுதும் நான்தான் ஊட்டினேன். தாகம் தாகம் என்று அழுதாள். அதையே மறுபடியும் ஊட்டினேன்.

சாயங்காலம் கண் குழி விழுந்துவிட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"எப்படிக் கலக்குனீங்க?" என்று தாதி கேட்டாள். இவர் கையால் காட்டினார். அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, உப்பு கூடிட்டா உடம்புல இருக்கிற தண்ணியையும் அது இழுத்துரும். மூளைக்கே ஆபத்து."

இவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்னுடையதைப் பார்த்தேன். ஊட்டியது என் கை அல்லவா?

கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏற்றினார்கள். "ஒண்ணுக்குப் போனாத்தான் நிம்மதி" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். நாங்கள் சாமியிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சாந்தினி கண் விழித்தாள். தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, ஏசாதீங்க. படுக்கை நனைஞ்சிருச்சி."

இவர் அந்த ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"ஏச மாட்டேன்டா. இன்னும் போ லா, கண்ணு. நல்லாப் போ."