ஒன்பதாம் பிரேக்கர்

பத்து மணி ரீடிங் எடுக்க அவள் சப்ஸ்டேஷன் யார்டுக்குள் இறங்கியபோது ஜல்லிக் கல் அதற்குள் சூடேறிவிட்டிருந்தது. டிரான்ஸ்பார்மரின் பக்கவாட்டில் இருந்த கண்ணாடிக் குமிழைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணெய் மட்டம் பார்த்தாள். சூடு அறுபத்தொன்று. மூன்றாவது விசிறி மட்டும் தொண்டை கட்டினவன்போல் கரகரத்தது. அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். மணிக்கொரு தரம் இப்படி எழுதி எழுதிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. லைன்மேன்கள் அவளை ரீடிங்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயர் ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியலில் இருந்தது. அங்கேயும் அதைத் தப்பாகத்தான் அடித்து வைத்திருந்தார்கள்.

உள்ளே, பழைய பேனல்களுக்கு எதிர்ச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஆறு புது அலமாரிகள் வந்து நின்றிருந்தன. அவற்றின் வயிற்றிலிருந்து மஞ்சள் நிறக் கேபிள் ஒன்று தரைக்குள் போய், ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த கண்ட்ரோல் சென்டரில் எழும்பியது. இனி அங்கே உட்கார்ந்தபடியே எந்த லைனையும் போடலாம், நிறுத்தலாம், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்க்கலாம். எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்தாகிவிட்டால் இந்த சப்ஸ்டேஷனுக்கு ஆள் வேண்டாம். அவளையும் சேர்த்து ஷிப்ட் பார்க்கிற நான்கு ஆபரேட்டர்களுக்கும் அது தெரியும். ஒருத்தர் இப்போதே ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

சரிபார்க்கிற வேலைக்கு வந்தவளை எல்லோரும் டேட்டா மேடம் என்றார்கள். முப்பது தாண்டியவள், டெண்டர் எடுத்த கம்பெனியின் ஆள். அவளிடம் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. எந்த லைன், அதை நிறுத்துகிற பிரேக்கர் எது, எந்த மீட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கூடவே ஆபீஸ் கொடுத்த வரைபடம். அதன் மூலையில் இருந்த தேதி பத்தொன்பது வருஷம் பழையது.

"அக்கா, இதுல சந்தை லைன் அஞ்சாவது பிரேக்கர்ல இருக்கு. நீங்க ஒன்பதுங்கறீங்க" என்றாள் முதல் நாளே.

"அஞ்சாவது எரிஞ்சு ஆறு வருஷமாச்சு மேடம். அன்னைக்கு அவசரத்துக்கு சந்தை லைனைத் தூக்கி, சும்மா கிடந்த ஒன்பதுல கட்டினாங்க. ரெண்டு நாள்ல மாத்திடறோம்னாங்க. அப்புறம் புது பிரேக்கர் வந்ததும் அஞ்சுல ஆஸ்பத்திரி லைனைக் கொடுத்துட்டாங்க."

"வரைபடத்துல ஏத்தலையா?"

"ஏத்தணும்னு எழுதிக் கொடுத்தேன். மூணு தடவை."

மூன்று வாரம் இருவரும் அப்படி உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார்கள். ரீடிங்கம்மா தன் நோட்டுகளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். எந்தக் கேபிளில் எங்கே ஒட்டு இருக்கிறது, எந்த பிரேக்கர் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், எல்லாம் அவற்றில் இருந்தன.

அவள் புருஷனுக்கு இது பிடிக்கவில்லை. பஸ் டெப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவன். கையும் பேச்சும் ஒரே முரடு.

"உன் வேலைக்கு நீயே குழி தோண்டற. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்க ஆறு மாசம் தடவிக்கிட்டு நிப்பாங்க. ஆறு மாசச் சம்பளம்."

"தடவறது அவங்க இல்ல, உங்க தம்பி" என்றாள் அவள். "தப்பா எழுதின லைன்ல கம்பம் ஏறப்போறது யாருன்னு நெனச்சீங்க?"

அவன் தம்பி லைன்மேன். புருஷன் தட்டில் இருந்ததை மட்டும் பார்த்துச் சாப்பிட்டான்.

பட்டியல் ஆபீசுக்குப் போனது. பத்து நாளில் ஒப்புதலாகித் திரும்பி, கணினியில் ஏறியது. அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் எல்லாம் கண்ட்ரோல் சென்டரிலிருந்துதான் நடக்கும் என்று உத்தரவு. பேனல்களில் இங்கிருந்து இயக்க 'லோக்கல்', அங்கிருந்து இயக்க 'ரிமோட்' என்று ஒரு திருகு இருக்கும். ஒவ்வொன்றையும் ரிமோட்டில் வைத்து, கம்பி கோத்து, ஈய முத்திரை அடித்துவிட்டுப் போனார்கள். ஆபரேட்டர் கை வைக்கக் கூடாது. ரீடிங் மட்டும் மாதக் கடைசி வரை எழுதலாம்.

புதன்கிழமை பதினொன்றரைக்குக் கொழுந்தன் போன் பண்ணினான்.

"அண்ணி, சந்தை லைன்ல வேலை. மூணாவது கம்பத்துல இன்சுலேட்டர் விரிசல் விட்டிருக்கு. லைனை நிறுத்தியாச்சு, ஏறலாம்னு லைன் கிளியர் உங்ககிட்ட வாங்கணுமா, அங்க வாங்கணுமா?"

"இனிமே அங்கதான். எர்த் ராடு இருக்கா?"

"மூணு கேங்குக்கு ஒரு ராடு. இன்னைக்கு அது வேற வண்டியில இருக்கு."

"அது வர்ற வரைக்கும் ஏறாத. லைன்ல கரண்ட் இருந்தா மண்ணுக்கு இறக்க அது ஒண்ணுதான்."

"சூப்பர்வைசர் அவசரப்படுத்தறார் அண்ணி. சரி, வைக்கறேன்."

அவள் லாக் ஷீட்டில் பேனா வைத்திருந்தபோது யார்டில் 'டங்'கென்று ஒரு பிரேக்கர் விழுந்து ஏதோ ஒரு லைனை நிறுத்தியது. ஆளே இல்லாமல் அது விழுந்ததை முதல் தரமாகக் கேட்கிறாள். ஆனால் அவளை நிமிர வைத்தது அது இல்லை. சத்தம் இடது பக்கமிருந்து வந்தது. ஒன்பதாவது பிரேக்கர் வலது கோடியில் இருக்கிறது.

எழுந்து பேனல் வரிசைக்குப் போனாள். ஐந்தாவது மீட்டரில் முள் பூஜ்யத்தில் கிடந்தது. ஆஸ்பத்திரி லைன். ஒன்பதாவதைப் பார்த்தாள். எண்பத்திரண்டு ஆம்பியர். முள் இலேசாக நடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றது.

கண்ட்ரோல் சென்டருக்குப் போன் போட்டாள். எடுத்தவர் ஷிப்ட் அதிகாரி.

"சார், சந்தை லைன் இன்னும் ஓடுது. நீங்க நிறுத்தினது ஆஸ்பத்திரி."

"யாரும்மா நீங்க? இங்க சந்தை லைன் ஆஃப். பச்சை காட்டுது. லைன் கிளியர் கொடுத்தாச்சு."

"ஒன்பதாவதைப் பாருங்க சார்."

"ஒன்பதுன்னு இங்க ஒண்ணும் இல்லையே. உபரின்னு போட்டிருக்கு. உபரிக்கு ஸ்கிரீன்ல கட்டமே கிடையாது."

"எண்பத்திரண்டு ஓடுது சார்!"

"இருங்க, நான் பெரிய இன்ஜினியரைக் கேட்டுட்டு..."

அவள் வைத்துவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. கம்பத்தில் ஏறும்போது போனைச் சட்டையோடு கழற்றிக் கீழே பையில் வைப்பது அவன் வழக்கம். இன்னொரு தரம் அடித்தது.

மேசை இழுப்பறையில் கட்டிங் பிளேயர் இருந்தது. ஒன்பதாவது பேனலின் முத்திரைக் கம்பியில் அதை வைத்து அழுத்தினாள். கம்பி மெல்லியது, ஒரே நறுக்கு. திருகை லோக்கலுக்குத் திருப்பி, கைப்பிடியை இடது பக்கம் முறுக்கினாள். வலது கோடியில் 'டங்' என்றது. முள் பூஜ்யத்துக்கு வந்து படுத்தது. கைப்பிடியில் 'ஆள் வேலையில்' என்ற சிவப்புத் தகட்டை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி பதினொன்று நாற்பத்திரண்டு. அதை லாக் ஷீட்டில் எழுதினாள். எழுத்து எப்போதும் போலவே இருந்தது.

கொழுந்தன் இருபது நிமிஷம் கழித்துக் கூப்பிட்டான்.

"ரெண்டு மிஸ்டு கால். என்ன அண்ணி?"

"நீ எங்க இருந்த?"

"மேல. பெல்ட்டை மாட்டிக்கிட்டு இருந்தேன். சந்தையில கறிக்கடை ஃபேன் ஓடிக்கிட்டே இருந்தது, ஏதோ இன்வெர்ட்டர்னு நெனச்சேன். நான் கையை நீட்டறதுக்குள்ள அது நின்னுடுச்சு."

அவள் ஒன்பதாவதில் தொங்கிய சிவப்புத் தகட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நான் கீழ எறங்கி உக்காந்திருக்கேன் அண்ணி" என்றான்.

அன்று சாயங்காலம் அவள் புருஷன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். வந்தவன் தொட்டியில் கிடந்த பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தான். டயர் கழுவுகிற மாதிரிதான் கழுவினான், ஒரு தம்ளர் நசுங்கியது.

வெள்ளிக்கிழமை விசாரணை. பெரிய இன்ஜினியர் அறையில் குளிர் அதிகம். ஒப்பந்தக்காரர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டேட்டா மேடம் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தாள். ரீடிங்கம்மாவுக்கு நாற்காலி போடவில்லை. அவளே சுவரோரம் கிடந்த ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யார் உத்தரவுல முத்திரையை அறுத்தீங்க?" என்றார் பெரிய இன்ஜினியர்.

"கேட்டேன் சார். ஸ்கிரீன்ல பச்சைன்னாங்க. மீட்டர்ல எண்பத்திரண்டு. உத்தரவு வரட்டும்னு உக்காந்திருந்தா இன்னைக்கு நீங்க என்னை விசாரிக்க மாட்டீங்க. அவன் பொண்டாட்டிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு இருப்பீங்க."

ஒப்பந்தக்காரர் இருமினார். "மெதுவாப் பேசும்மா."

"மெதுவாத்தான் பேசறேன்."

டேட்டா மேடம் லேப்டாப்பைத் திறந்தாள். "சார், அக்கா சொன்னபடி நான் ஒன்பதுன்னுதான் எழுதி அனுப்பினேன். வரைபடத்தோட ஒத்துப்போகலைன்னு இங்க அஞ்சுன்னு மாத்தியிருக்காங்க. மாத்தின தேதி, நேரம், யாரோட ஐடியில மாத்தினாங்க, எல்லாமே ஃபைல்ல பதிவாயிருக்கு." லேப்டாப்பை மேசைக்குத் தூக்கி அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என் பாஸ்வேர்டு வெளியில நாலு பேருக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தபடி, ஒரு விரலால் லேப்டாப் மூடியைச் சாய்த்தார். "சரி. இதை மூடுங்க. மறுபடி எல்லாத்தையும் சரிபாருங்க, முதல்லேருந்து."

"யார் கூட இருந்து காட்டறது சார்?"

அவர் ரீடிங்கம்மாவைப் பார்க்காமல் கை காட்டினார்.

நான்கு நாள் நடந்தது அந்த வேலை. இந்த முறை பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு டேட்டா மேடம் பின்னால் வந்தாள், முன்னால் ரீடிங்கம்மா. போனை ஸ்பீக்கரில் போட்டு, பேனல் எதிரே நின்று, "ஒண்ணை நிறுத்துங்க" என்பாள். யார்டில் சத்தம் கேட்கும். அது ஒன்றா என்று போய்ப் பார்ப்பாள். "ஒண்ணு சரி. போடுங்க. அடுத்தது ரெண்டு." இரண்டாம் நாள் மூன்று தப்பு அகப்பட்டது. எண்ணெய்ச் சூடு காட்டுகிற கம்பி பக்கத்து டிரான்ஸ்பார்மரில் இருந்தது. இரண்டு மீட்டர்களின் கணக்கு தலைகீழாக ஓடியது. புதன்கிழமை அவளை யாரென்று கேட்ட ஷிப்ட் அதிகாரி, மூன்றாம் நாள் தன் ஆட்களிடம், "அவசரப்படாதீங்கப்பா, அக்கா சொல்லட்டும்" என்று சொல்வது ஸ்பீக்கரில் கேட்டது. கடைசி வரியை டிக் அடித்துவிட்டு டேட்டா மேடம் ஜல்லியிலேயே குந்தி உட்கார்ந்து சிரித்தாள்.

"இருநூத்திப் பன்னிரண்டும் சரி அக்கா. நான் பாத்த எந்த ஸ்டேஷன்லயும் இப்படி அமைஞ்சதில்ல."

"அமையல மேடம். அமைச்சோம்."

மாதக் கடைசியில் நான்கு ஆபரேட்டர்களுக்கும் ஒரே மாதிரி காகிதம் வந்தது, இனி வேலை இல்லை என்று ஒரே ஒரு வரி. ரீடிங்கம்மாவின் காகிதத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: அனுமதியின்றி முத்திரையை அறுத்ததற்காக எச்சரிக்கப்படுகிறார். சாவிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். அழவில்லை. இரண்டாம் வாரமே ஒரு குளிர்பதனக் கிடங்கின் மோட்டார் அறையில் வேலை தேடிக்கொண்டாள். அங்கே போன மூன்றாம் நாள், கம்ப்ரசர் எண்ணெய் தப்பு ரகம் என்று கண்டுபிடித்து முதலாளியைத் திகைக்க வைத்தாள்.

கண்ட்ரோல் சென்டரிலிருந்து முதல் போன் அங்கேதான் வந்தது. பேட்டரி அறைக் கேபிள் எந்தப் பக்கமாகப் போகிறது என்று ஷிப்ட் அதிகாரி கேட்டார். சொன்னாள். அடுத்த வாரம் இன்னொன்று கேட்டார். அதையும் சொன்னாள். மூன்றாவது தடவை, திரையில் ஏதோ மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் ஊரில் இல்லை, ஆளனுப்பினால் எதைத் திறந்து பார்ப்பதென்று தெரியவில்லை என்றார்.

"போன்ல சொல்ற வேலை இல்ல சார் இது" என்றாள் அவள். "ஒரு நாள் வேலைன்னு ஆர்டர் போட்டு அனுப்புங்க. கூலியையும் அதுலயே எழுதுங்க. வர்றேன்."

"பெரிய இன்ஜினியர்கிட்ட கேக்கணுமே."

"கேளுங்க. லைன்மேனை மட்டும் அதுவரைக்கும் உள்ள விடாதீங்க."

அன்று மதியத்துக்குள் ஆர்டர் வந்துவிட்டது. முதலாளியிடம் சொல்லிவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் சப்ஸ்டேஷன் கேட்டில் போய் நின்றாள். பூட்டு இருந்த இடத்தில் விரல் வைக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அவள் விரல் அதில் இல்லை. உள்ளிருந்து செக்யூரிட்டி ஏஜென்சியின் காவலாளி வந்தார். அவளைவிடப் பத்து வயது பெரியவர், கால் அளவைவிடப் பெரிய பூட்ஸ். ஆர்டரை இரண்டு தரம் படித்துவிட்டு ரிஜிஸ்டரை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள். அவர் ஒரு அட்டையை எடுத்து, நாடாவைப் பிரித்து, அவள் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார்.

'வருகையாளர். துணையாள் இன்றி உள்ளே செல்லக் கூடாது.'

"துணைக்கு யாரு வர்றாங்க?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. வேற யாரும் இங்க இல்ல."

கேட்டைத் திறந்துவிட்டவர் ஜல்லி ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிட்டார். மேலே கம்பிகள் ரீங்கரித்துக்கொண்டிருந்தன. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நான் இதுக்குள்ள வந்ததே இல்லம்மா. எது தொட்டா இழுக்கும், எது இழுக்காதுன்னு ஒண்ணும் தெரியாது."

"எதையும் தொடாதீங்க. கையைத் தூக்காதீங்க. நான் கால் வைக்கற இடத்துல மட்டும் கால் வச்சு வாங்க."

அவள் நடந்தாள். கழுத்தில் அட்டை ஆடியது. துணையாள் பின்னால், அவள் காலடி பட்ட கல்லாகப் பார்த்துப் பார்த்து, பூட்ஸைத் தூக்கி வைத்து வந்துகொண்டிருந்தார்.