சூடானால் நிற்கும் வண்டி

அவனை எல்லாரும் 'ஒரே உதை' என்றுதான் கூப்பிடுவார்கள். எவன் எவனோ உதைத்து உதைத்துக் கால் வீங்கியும் கிளம்பாத வண்டியை எல்லாம் அவன் தன் மெக்கானிக் பட்டறையில் நிறுத்தி ஒரே உதையில் கிளப்பியிருக்கிறான். அதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பெருமை கண்ணை மறைக்கும் என்பார்கள். இவனுக்குக் காதையும் சேர்த்து அடைத்திருந்தது.

இரண்டு மாதமாக அக்கா அவன் வீட்டில் இருந்தாள். இனிமேல் கட்டிக்கொண்ட அந்த ஆளோடு வாழ முடியாது என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். வந்த வாரமே ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலையைத் தேடிக்கொண்டாள். போய்வரப் பட்டறையில் சும்மா கிடந்த பழைய வண்டியை அவன்தான் கொடுத்தான்.

"தம்பி, இது பாதி வழியில நின்னுடுதுடா" என்று அவள் வந்து சொல்லாத வாரமில்லை.

அவனும் பார்க்காமல் இல்லை. காலையில் பட்டறையைத் திறந்ததும் பிளக்கைக் கழற்றி என்ஜின்மேல் சாய்த்து வைத்து உதைப்பான். பொறி நீலமாகத் தெறிக்கும். திரும்ப மாட்டி உதைத்தால் வண்டி உறுமும்.

"பாத்தியா? இதுக்கு என்ன நோய்?"

"உன் முன்னாடி நல்லாத்தான் இருக்கும். ரோட்டுல போய்ப் பாரு."

"வண்டிக்கும் ஆள் தெரியுது போல" என்று அவன் சிரித்தான். பட்டறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மாமா விஷயத்தையும் அவன் இதே அழகில்தான் விசாரித்தான். இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தான், அக்கா அங்கே இருந்தபோதே. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார், மின்விசிறியை அவன் பக்கம் திருப்பினார், அக்காவை 'வாம்மா, போம்மா' என்று கூப்பிட்டார். தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தான். ரெண்டு கை தட்டினால்தானே ஓசை என்று அக்காவுக்கே புத்தி சொன்னான். போன வாரம் மாமா பட்டறைக்கு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவங்க இல்லாத வீட்டுல நீங்கதான் மாப்ளே பெரியவர்" என்றார். குளிர்ந்துபோய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டான்.

அக்கா சண்டை போடவில்லை. எத்தனை நாள் தம்பி வீட்டில் பாரமாக இருப்பது என்று நினைத்தாளோ என்னவோ, துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"உன் வண்டியிலயே போவோம். நிக்குதா பாத்துடலாம்" என்றான் அவன்.

ஒரே உதையில் கிளம்பியது. கடைத்தெரு தாண்டி, பாலம் ஏறி இறங்கும்வரை வெண்ணெயாய் ஓடியது. சிமெண்ட் கிடங்கின் சுவரை ஒட்டி வந்தபோது இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது.

அவன் உதைத்தான். மறுபடி உதைத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் போன பால்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்னப்பா ஒரே உதை, இது எத்தனாவது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றிச் சாய்த்து வைத்து உதைத்தான். பொறி இல்லை. புதுப் பிளக் போட்டான், இல்லை. பிளக் மூடியை விலக்கி வயரை நேராக வைத்துப் பார்த்தான், அதிலும் இல்லை. சுவிட்ச் வயரைப் பிரித்துவிட்டான். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தான். ஊஹூம். கடைசியில் டேங்குக்கு அடியில் கைவிட்டு, பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைத் தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். அடுப்பில் வைத்த கல்லைப்போல் கொதித்தது.

அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் துணியை நனைத்துக் காயிலைச் சுற்றிவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தான். துணி காயக் காய மறுபடி நனைத்தான். பிறகு எழுந்து உதைத்துப் பார்த்தால், பளிச்சென்று நீலப் பொறி.

"காயில் போயிருக்குக்கா. சூடானாத்தான் சாகும். ஆறினா ஒண்ணுமே தெரியாது. இத்தனை நாளும் நான் ஆறின வண்டியையே பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றான்.

"அக்கா, நான் அங்க வந்துட்டுப் போனப்புறம்..."

"நீ குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்கிறதுக்குள்ள ஆரம்பிச்சிடும்."

என்ன ஆரம்பிக்கும் என்று அவன் கேட்கவில்லை. வந்த அன்றைக்கே அடி, வசவு எல்லாவற்றையும் அவள் சொல்லியிருந்தாள்.

"ரெண்டாவது தடவை வந்தப்ப, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போடான்னு வாசல் வரைக்கும் வந்து கேட்டேன். பட்டறையில வேலை கிடக்குன்னு போயிட்டே."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அக்காவுக்குத் தம்பிமேல் என்ன பாசம் என்று அன்றைக்கு வழியெல்லாம் மகிழ்ந்துகொண்டே வந்திருந்தான். இப்போது அந்த வாசலில் அவள் நின்ற நிற்பு கண்முன் வந்தது. வெட்கமாக இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மாமா. சாப்பாடு ஆறிப்போகிறதே என்று பாசமாகக் கேட்பதற்காக இருக்கும்.

அக்கா போனைப் பார்த்தாள். "எடுத்து, அக்கா வரமாட்டான்னு சொல்லிப் பாரு. அப்ப உனக்கே தெரிஞ்சுடும்."

அவன் போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

"அதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியணும்னு இல்லக்கா. நீ சொன்னது போதும்."

இரண்டு மாதமாகக் கண் கலங்காதவள், சிமெண்ட் கிடங்குச் சுவரில் சாய்ந்து, போகிற வருகிற வண்டிக்காரர்கள் எல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதாள். அவன் பக்கத்தில் நின்றான். வண்டியை வந்த வழிக்கே திருப்பி நிறுத்தினான். அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.